சதுரகராதியா, தரங்கம்பாடி அகராதியா?

கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றிய வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் உருவானது. தரங்கம்பாடி அகராதியின் வேர் பப்ரீசியசு என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1740-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், பிறகு சென்னைக்குப் போய், 1779-இல் வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதியை அச்சிட்டார். அதை விரிவாக்கித் தரங்கம்பாடி மிஷன் 1897-இல் வெளியிட்டது.

பழம்பாட்டு படிப்பவர் கையில் முதலில் இருக்க வேண்டியது சதுரகராதிதான். அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டுகளின், அதாவது சொற்பொருளைச் செய்யுளாகச் சொல்லும் நூல்களின், சூத்திரங்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அந்தச் சுமையை அகர வரிசை இறக்கி வைத்தது. பெரிய காரியம் அது! ஆனால் அதன் நான்கு பகுதிகளில் எதைத் திறப்பது என்று தெரியாவிட்டால் தேடியது கிடைக்காது. 'மதி' என்றால் என்னென்ன என்று பார்க்கப் பெயரகராதி. யானைக்கு வேறு பெயர்கள் வேண்டுமா, பொருளகராதி: களிறு, வேழம், கரி என்று வரும். முக்கனி, ஐம்பொறி போன்ற எண் தொகைகளுக்குத் தொகையகராதி. எதுகை தேடிச் செய்யுள் கட்டுகிறவருக்குத் தொடையகராதி. தமிழுக்குத் தமிழே விளக்கம். அதுவும் ஓரிரு சொல்லில்.

பேச்சுவழக்கும் ஆங்கிலப் பொருளும் வேண்டுமென்றால் தரங்கம்பாடி அகராதி. இதில் தடுமாறுவது கூட்டுச்சொல்லில்: 'மழைக்காலம்' தனியாக நிற்காது, 'மழை'யின் கீழே பார்க்க வேண்டும். 'பெய்தது' என்று தேடினாலும் வராது. 'பெய்' என்ற வேர்ச்சொல்லுக்கு வந்துவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு இதுவே போதும். வெண்பா எழுத உட்காருகிறவருக்கு இது உதவாது.