வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ‘விண்டி’ செயலி: மழையைவிடக் காற்றுக்கே கைகொடுக்கிறது

மலைப்பகுதியில் அவுட்டோர் வைத்திருக்கும் யூனிட்டில், மாலை பேக்கப் ஆனதும் மறுநாள் எந்தக் காட்சியை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய இணை இயக்குநருக்கும் தயாரிப்பு நிர்வாகிக்கும் ‘விண்டி’ என்ற வானிலைக் கணிப்புச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், “நாளைக்கு மழை வருமா, வராதா?” என்ற ஒற்றைக் கேள்வியோடு அதைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இதன் உண்மையான பலம் காற்றுக் கணிப்பில்தான் இருக்கிறது. சராசரிக் காற்றின் வேகத்தையும் திடீர் வீச்சின் வேகத்தையும் தனித்தனி அடுக்குகளாகக் காட்டுகிறது. சராசரி மணிக்கு 15 கி.மீ. என்று பார்த்து நிம்மதியடையும் இடத்தில் வீச்சு 45 கி.மீ. என்று இருந்தால், வெயிலை மென்மையாக்க 20 அடிச் சட்டத்தில் கட்டிய ஸ்கிம்மர் துணி பாய்மரமாக மாறி, பிடித்திருக்கும் லைட்மேன்களையும் சேர்த்து இழுத்துவிடும். கிரேன் ஷாட்டைக் காலையில் வைப்பதா, மாலைக்குத் தள்ளுவதா என்பதை நான் இந்த அடுக்கைப் பார்த்தே சொல்கிறேன்; கிரேனுக்கான காற்று வரம்பை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தாழ்மேக அடுக்கு. உயரத்தில் மேகம் இருந்தால் ஒளி மென்மையாகக் கிடைக்கும், ஒளிப்பதிவாளர் மகிழ்ச்சியடைவார். தாழ்மேகம் இறங்கினாலோ பின்னணி மலை மறைந்து, முந்தைய ஷாட்டோடு கன்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) ஒட்டாமல் போகும்.

மழை விஷயத்தில் கவனம் தேவை. இச்செயலி முதன்மையாகக் காட்டும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் கணிப்பு ஏறத்தாழ 9 கி.மீ. அகலக் கட்டங்களால் ஆனது. நீலகிரி போன்ற மலையில் அந்த இடைவெளிக்குள் ஒரு சரிவு நனையும், மறு சரிவு காயும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டிய அவலாஞ்சி இருப்பது தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் பக்கத்தில். குன்னூரோ பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர். ஆகவே, ‘ஒப்பிடு’ வசதியில் ஐரோப்பிய, அமெரிக்க, ஜெர்மானியக் கணிப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றும் மழை என்றால் உள்ளரங்கக் காட்சிக்கு மாறிவிடலாம். மூன்றும் வெவ்வேறாகச் சொன்னால் இரண்டுக்கும் தயாராக யூனிட்டை வரவழைப்பதே உத்தமம், அதற்கான பேட்டாச் (தினப்படி) செலவைத் தயாரிப்பாளர் முணுமுணுத்தாலும்.

ஸ்பாட்டுக்குப் போன பிறகு விண்டியை மூடிவிட்டு, இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் எச்சரிக்கையையும், மின்னலுக்குப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியையும் பார்ப்பது நல்லது. உயரச் சாரத்தில் விளக்கேற்றி வைத்திருக்கும்போது மழையைவிட மின்னலே ஆபத்து.

இலவசப் பதிப்பே பெரும்பாலான யூனிட்டுக்குப் போதும். அந்திவெளிச்சத்தில் எடுக்க வேண்டிய காட்சி இருந்தால் மட்டும், மணிக்கு மணி கணிப்பு தரும் கட்டணப் பதிப்பை வாங்கலாம்.