பி4: டிரைவர் பேட்ச்களுக்குக் கணக்கு வைக்கும் கருவி

லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரில் பிழையைத் திருத்துவது பாதி வேலைதான். மடலில் அனுப்பும் பேட்ச் (திருத்தக் கோப்பு) எத்தனையாவது பதிப்பில் நிற்கிறது, யார் ஒப்புதல் தந்தார்கள், யார் தங்கள் நெட்வொர்க் கார்டில் சோதித்தார்கள் என்று கணக்கு வைப்பது மீதிப் பாதி. பி4 இந்த மீதிப் பாதிக்கான கட்டளைவரிக் கருவி. பைத்தானில் எழுதப்பட்டது, பைத்தானின் நிறுவும் கருவியான பிப் இருந்தால் ஒரே வரியில் நிறுவிவிடலாம்.

பேட்ச்களை வாங்கிச் சோதிப்பவர்களுக்கு 'ஷஸாம்' ஒன்றே போதும். மடலின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியைக் கொடுத்தால் மடற்குழுக் காப்பகத்திலிருந்து பேட்ச் தொடர் முழுவதையும் இறக்கும். '-c' தேர்வைச் சேர்த்தால், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடி அதை எடுக்கும். பதில்களில் சிதறிக் கிடக்கும் ரிவியூட்-பை (பரிசீலித்தவர்), டெஸ்டட்-பை (சோதித்தவர்) வரிகளை உரிய பேட்சில் சேர்த்து, பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டின் நடப்பு பிராஞ்சில் (கிளையில்) ஏற்றிவிடும். கையால் செய்தால் யாருடைய பெயராவது விட்டுப்போகும் இடம் இது.

அனுப்புவதற்கு 'பிரெப்'. தனி பிராஞ்ச் திறந்து, முகப்புக் கடிதத்தை அதன் தொடக்கத்தில் ஒரு காலி கமிட்டாக (கிட் சேமிக்கும் மாற்றப் பதிவாக) வைக்கிறது. பதிப்புக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ரீபேஸ் செய்யும்போது, அதாவது கமிட்களை மறுபடி அடுக்கும்போது, பட்டியலில் அந்தக் கமிட்டின் வரியைத் தெரியாமல் நீக்கினால் இரண்டும் போய்விடும். புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். மெயின்டெய்னர் (குறியீட்டைப் பராமரிப்பவர்) முகவரிகளைக் கருவியே நிரப்பும். 'செண்ட்' கொடுக்கும் முன் 'ரிஃப்ளெக்ட்' தேர்வைப் போடுங்கள்: மடல் உங்களுக்கு மட்டும் வரும், டேப் இடைவெளியாக மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அனுப்பி முடித்ததும் பதிப்பு எண் தானாக 2 ஆகி, முந்தையதற்கான இணைப்பும் கடிதத்தில் ஏறிவிடும். அருமையான வசதி.

ஆனால் முடிவெடுக்க வேண்டியவற்றை பி4 எடுக்காது. ரிங் பஃபர் (பாக்கெட்களுக்கான சுழல் வரிசை) நினைவகக் கசிவுக்கான திருத்தம், பிழைத் திருத்தங்களுக்கான 'நெட்' ட்ரீக்குப் (குறியீட்டுக் களஞ்சியத்துக்கு) போக வேண்டும். அதே கோப்பில் செய்த துப்புரவு, அடுத்த வெளியீட்டுக்கான 'நெட்-நெக்ஸ்ட்'டுக்கு. இரண்டையும் ஒரே தொடரில் கலந்தால் திரும்பி வரும். திருத்தத்தை முதலில் அனுப்பிக் காத்திருங்கள். 'நெட்' வாராவாரம், பெரும்பாலும் வியாழனன்று, 'நெட்-நெக்ஸ்ட்'டில் சேர்ந்த பிறகு துப்புரவை அனுப்பலாம். தலைப்பில் எந்த ட்ரீ என்ற முன்னொட்டையும் நீங்களே குறிக்க வேண்டும். ஃபிக்ஸஸ் வரியும் அப்படித்தான்: பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகள், பிறகு அதன் தலைப்பு, எவ்வளவு நீளமானாலும் மடிக்காமல் ஒரே வரியில். அடுத்த பதிப்பை 24 மணி நேரத்துக்குள் அனுப்புவதையும் கருவி தடுக்காது.

'டிரெய்லர்ஸ்' கட்டளையிலும் கவனம் தேவை. வந்த ஒப்புதல்களை உங்கள் கமிட்களில் சேர்க்கும், சரி. அதன்பின் குறியீட்டின் லாக்கிங்கையே (பூட்டும் முறையையே) மாற்றி எழுதினால் பழைய ரிவியூட்-பை அந்தக் குறியீட்டுக்குப் பொருந்தாது. நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும்.

ஒற்றைப் பேட்சை ஒரே முறை அனுப்ப கிட்டின் செண்ட்-ஈமெயில் போதும். இரண்டாம் பதிப்பு வரும் என்று தெரிந்தால் பி4. அலுவலக மெயில் சர்வர் பேட்சைச் சிதைக்கிறதென்றால், ஒரு சாவியை உருவாக்கிப் பதிவு செய்து, மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி இல்லாமலே கெர்னல் தளத்தின் வலை வாயில் வழியாக அனுப்பலாம்.