மிஷின் என்றால் தையல் மிஷின்தான்: டோக்கியோவில் ஏழு வருடம்

ஜப்பானிய மொழியில் ‘மிஷின்’ என்றால் தையல் இயந்திரம் மட்டும்தான். ஆங்கிலச் சொல்லைத்தான் அவர்களும் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் துவைப்பதற்கும் அரைப்பதற்கும் வேறு பெயர்களை வைத்துக்கொண்டு, தைப்பதற்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டார்கள். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வழக்கமும் அதுவே. ‘மிஷின் மேல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்’ என்று அம்மா சொன்னால், கூடத்தில் ஜன்னலோரம் நிற்கும் மிதி மிஷினைத்தான் சொல்கிறார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டோக்கியோவுக்கு வந்த முதல் மாதத்தில் சிரமப்படாமல் என் வாயில் நுழைந்த ஜப்பானியச் சொல் அது ஒன்றுதான்.

டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் புதிதாகக் குடிவரும் நம் ஊர்ப் பெண்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். ஊரிலிருந்து மிஷின் கொண்டுவரலாமா? இங்கே வாங்கினால் அதில் ஜாக்கெட் தைக்க வருமா? பணம் மிச்சமாகுமா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மிச்சமாகாது. என் மிஷினை ஒரு முறை சர்வீஸ் செய்த காசில் ஊரில் ஒரு டஜன் ஜாக்கெட் தைத்து வாங்கிவிடலாம். அது தெரிந்த பிறகும் தைக்க ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

நான் வாங்கியது ஆசையால் அல்ல, ஒரு தாளால். 2018 ஏப்ரலில் மகளை மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டும். பிப்ரவரியில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். புத்தகப் பை 30-க்கு 40 சென்டிமீட்டர், கைப்பிடி இவ்வளவு நீளம். பள்ளிக்குள் அணியும் காலணிக்கு ஒரு பை. மாற்றுடைக்கு ஒரு பை. தண்ணீர்க் கோப்பைக்கு ஒரு பை. சாப்பாட்டு டப்பாவுக்கு ஒரு பை. எல்லாவற்றுக்கும் அளவும் படமும் இருந்தன. முடிந்தவரை வீட்டில் தைத்ததாக இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி. ஜப்பானில் பல மழலையர் பள்ளிகளில் இது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் பருவத்தில் துணிக்கடைகளில் இளம் தாய்மார்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்க்கலாம். தைக்க முடியாதவர்கள் ஆயத்தப் பைகளை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கும் கடைகள் இருக்கின்றன. எனக்குத்தான் ரோஷம்.

படத்தைக் கூர்ந்து பார்த்தபோது சிரிப்பு வந்தது. கோப்பைப் பை என்று அவர்கள் வரைந்திருந்தது என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை. இரண்டு பக்கமும் கயிறு, இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். இங்கே அதன் பெயர் கின்சாக்கு. பாவாடைக்கு நாடா கோப்பது போல ஊக்கின் முனையில் கயிற்றைக் கட்டி, மடிப்புக்குள் நகர்த்தி நகர்த்தி மறுபக்கம் எடுத்தேன். அந்த வேலைக்கென்றே ஒரு கருவி கடையில் விற்கிறது. ஊக்கு போதும்.

முதலில் வாங்கிய மிஷின் ஒரு பொம்மை. இரண்டு கிலோதான் எடை, விலையும் அப்படியே. சாதாரணப் பருத்தியில் ஓடியது. புத்தகப் பைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த துணி. அதன் விளிம்பை மடித்து நடுவில் கைப்பிடிப் பட்டையைச் செருகினால் ஊசிக்குக் கீழே ஒரு விரல் உயரம். கோழி மண்ணைக் கிளறுவதுபோல் அது ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. மூன்றாவது ஊசி உடைந்து என் நெற்றியில் பட்டதும் நிறுத்திவிட்டேன். எந்தப் பக்கமும் 30 சென்டிமீட்டரைத் தாண்டாததால் அது எரியாக் குப்பையோடு போயிற்று. தாண்டியிருந்தால் பெருங்குப்பை என்று காசு கட்டி, சீட்டு வாங்கி ஒட்டித்தான் வெளியே வைக்க முடியும்.

இப்போது வைத்திருப்பது இரண்டாவது. பக்கத்துத் தெருவில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் வாங்கினேன். எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. நல்லதும் கெட்டதும் கலந்துதான் எழுதப்போகிறேன். ஏழு கிலோ எடை, திரை கிரை ஒன்றும் கிடையாது. பெரியவர் பழைய ஜீன்ஸ் காலை எட்டு மடிப்பாக மடித்து என் கண்ணெதிரே தைத்துக் காட்டினார். அந்த எட்டு மடிப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் கடைக்குப் போனால் பூ வேலைப்பாடு எத்தனை என்று கேட்காதீர்கள். கனத்த துணியை மடித்துக் கொடுத்து, தைத்துக் காட்டச் சொல்லுங்கள். நூற்றுச் சொச்சம் பூ வேலைப்பாடு இருக்கும் மிஷின் வாங்கிய தோழி இந்த ஏழு வருடத்தில் வாத்துப் படத்தை மட்டும் ஒரு கைக்குட்டையில் போட்டிருக்கிறாள்.

ஊர் மிஷினிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி காலுக்குத்தான். இங்கே வீட்டு மிஷின்கள் பலவற்றில் மிதி சேர்ந்து வராது. தனியாக வாங்க வேண்டும். கையால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். பத்து வயதில் அம்மாவின் மிதியில் கால் வைத்துப் பழகிய எனக்கு அது கட்டை மாட்டு வண்டியில் ஸ்விட்ச் வைத்தது போலிருந்தது. கழுத்து வளைவில் ஒவ்வொரு தையலாக நகரும்போது துணியை இரண்டு கையும் பிடித்திருக்க வேண்டும். வேகத்தைக் கால்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மிதியை வாங்கிவிட்டேன். ஜாக்கெட் தைக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு: அங்கே 230 வோல்ட், இங்கே 100 வோல்ட். மோட்டார் வைத்த மிஷின் என்றால் கொண்டுவர வேண்டாம். இங்கே வாங்கியதை ஊருக்கு எடுத்துப்போனாலும் மின்மாற்றி இல்லாமல் சொருகினால் புகைதான். அடிநூல் சுற்றும் பாபினும் சேராது. அம்மா ஆசையாக ஒரு பொட்டலம் பாபின் கொடுத்தனுப்பினார். இங்குள்ள வீட்டு மிஷின்கள் பலவற்றில் மேலிருந்து படுக்கையாகப் போடும் பிளாஸ்டிக் பாபின். அம்மாவின் பாபின்கள் இப்போது மகளின் பொம்மை வண்டிக்குச் சக்கரம். பாபின் பேச்சு வந்ததால் ஒன்று: ஜனோமே என்ற தையல் மிஷின் நிறுவனத்தின் பெயருக்குப் பாம்பின் கண் என்று பொருள். 1921-இல் அந்த நிறுவனம் தொடங்கிய காலத்தில் அடிநூலைக் கொண்டுபோகும், படகு போன்ற நீள ஷட்டில்தான் பரவலாக இருந்தது. புதிதாக வந்த வட்ட பாபின் பாம்பின் கண்ணைப் போலிருக்கிறது என்று பெயர் ஒட்டிக்கொண்டதாம். உஷா ஜனோம் என்று ஊரில் விளம்பரம் பார்த்த நாளெல்லாம் அது யாரோ ஒரு மனிதரின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

குறைகளில் பாதி என்னுடையவை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மிஷினுக்கு எண்ணெய் விடுவது கட்டாயம். அதே பக்தியோடு இதற்கும் கிடைத்த ஓட்டையிலெல்லாம் எண்ணெய் விட்டேன். மறுநாள் மகளின் வெள்ளைச் சட்டையில் தையல் நெடுக மஞ்சள் கோடு. பெரியவர் திறந்து பார்த்து, கையேட்டின் ஒரு பக்கத்தைப் பிரித்து விரலால் தட்டினார்: பயன்படுத்துபவர் எண்ணெய் விடத் தேவையில்லை. விட வேண்டாததை விட்டிருக்கிறேன், எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. பாபின் உட்காரும் குழிக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போன்ற ஒன்றை அவர் இடுக்கியால் உரித்தெடுத்தார். இரண்டு வருடப் பஞ்சுத் தூசி, எண்ணெயில் ஊறிக் கெட்டிப்பட்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் தகட்டைக் கழற்றித் தூரிகையால் துடைக்கிறேன்.

மிஷினின் குறை என்று சொல்ல வேண்டுமானால் ஊசியில் தானாக நூல் கோக்கும் கொக்கி. நான்காம் வருடம் வளைந்தது, மாற்றினேன். ஆறாம் வருடம் மறுபடி வளைந்தது, விட்டுவிட்டேன். நூலை நாக்கில் நனைத்துக் கோக்க எனக்குத் தெரியும். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் சுமார்தான். மெல்லிய துணியில் பிசிறடிக்கிறது. அடுத்தது சத்தம். மர வீடுகளிலும் மெல்லிய சுவர் அடுக்ககங்களிலும் மிஷின் அதிர்வு கீழ் வீட்டுக்காரர் தலையில் இறங்கும். கனத்த ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். இரவு எட்டுக்கு மேல் தொடுவதில்லை. பாய்த் தரை இருக்கும் அறையில் தைக்கவே கூடாது. தத்தாமி பாயின் கோரைக்குள் நுழைந்த ஊசி கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

ஜாக்கெட் தைக்க வருமா? வரும். சேலைக்கு ஃபால் துணியும் ரூபியா என்ற ஜாக்கெட் துணியும் இங்கே கிடைப்பதில்லை; ஊருக்குப் போகும்போதெல்லாம் மூட்டை கட்டி வருகிறேன். அவசரத்துக்கு இங்கே பிராட் என்று கிடைக்கும் பருத்தித் துணி ஆகும். கொஞ்சம் விறைப்பு, வியர்வையில் ரூபியா மாதிரி உடம்போடு ஒட்டி இழையாது. கொக்கிகள் நூறு யென் கடையிலேயே கிடைக்கின்றன. பட்டுக்கு 9-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 11, பைகளுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. எண்கள் ஊரில் இருப்பதேதான்.

துணி என்றால் நிப்போரி. ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு இருபுறமும் துணிக்கடை, பொத்தான் கடை, தோல் கடை. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். நான் முதல் முறை ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். தக்காளி என்ற பெயரில் ஒரு பெரிய கடை உண்டு. மீட்டர் நூறு யென் துணிக் குவியலில் கை விட்டுத் துழாவும் பெண்களைப் பார்த்தால் தி. நகரில் ஆடித் தள்ளுபடியில் நிற்பது போல இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. புத்தகத்தில் வரும் மாதிரி வடிவங்களை நம்பி வெட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: பல ஜப்பானியப் புத்தகங்களில் தையலுக்கு விடும் துணி அளவில் சேர்ந்திருக்காது. நாமாகச் சேர்த்து வரைய வேண்டும். நான் சேர்க்காமல் வெட்டிய முதல் கவுன் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போயிற்று.

தோமியோகா ஹச்சிமான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஒரு பழைய கிமோனோ வாங்கினேன். கத்தரிப்பூ நிறம், நல்ல பட்டு. ஜாக்கெட் தைப்பதாக உத்தேசம். கிமோனோவில் வளைவே இல்லை, எல்லாம் நேர்வெட்டு, கைத் தையல். ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பிரித்தால் அரை நாளில் அது மறுபடி நீளத் துணியாகி மடியில் கிடக்கிறது. சேலையை வெட்டாத நமக்கு அந்த மரியாதை புரியும். சிக்கல் அகலத்தில். 36 சென்டிமீட்டர்தான். என் முதுகுத் துண்டு தையலுக்கு விடுவதையும் சேர்த்தால் 54 வருகிறது. அதனால் முதுகில் திறப்பு வைத்து இரண்டு துண்டாக வெட்டினேன். முன்பக்கம் துணியைச் சாய்வாக வைத்து வெட்டும் கிராஸ் கட் போடத் துணி போதாது. நேராக வெட்டி, உடம்பின் வளைவுக்கு மடித்துத் தைக்கும் டாட் பிடித்தேன். கை மட்டும் எனக்கென்றே நெய்தது போல 36-க்குள் அடங்கியது. பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். குழந்தையைத் தூக்கக் கை உயர்த்தியதும் அக்குளில் ‘சர்’ என்று ஒரு சத்தம். தையல் விடவில்லை, தையலுக்குப் பக்கத்தில் பட்டு விட்டுப்போயிருந்தது. பழைய பட்டுக்கு அடியில் இஸ்திரி போட்டு ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் கொடுக்காமல் வெட்டக் கூடாது. மிஞ்சிய துணியில் பதினோரு சுருக்குப் பைகள் வந்தன.

கைவேலையால் கிடைத்த பழக்கங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மகளின் முதல் புத்தகப் பைக்கு உள்துணியாக அம்மாவின் பழைய சுங்கடிச் சேலையை வைத்திருந்தேன். அச்சுச் சுங்கடி அல்ல, கையால் முடிச்சுப் போட்டது. பள்ளி வாசலில் ஒரு தாய் பைக்குள் எட்டிப் பார்த்து, புள்ளிகளை விரலால் தடவி, ‘ஷிபோரியா?’ என்று கேட்டார். முடிச்சுச் சாயத்துக்கு இங்கே பெயர் அது. சுங்கடிக்குப் பேர்போன சின்னாளப்பட்டி என்ற பெயரை அவர் வாயில் நுழைய வைக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. 2020 வசந்தத்தில் முகக்கவசம் கடைகளில் இல்லாமல் போனது. அரசாங்கம் வீட்டுக்கு இரண்டு துணிக் கவசம் தபாலில் அனுப்பிய காலம். எலாஸ்டிக்கும் தீர்ந்துபோயிற்று. அப்போது அதே தாயும் நானும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து தைத்தோம். அவர் காலுறையை வெட்டிக் காதுக் கயிறாக்கினார், நான் பாவாடை நாடாவை வைத்தேன்.

விற்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். கைவேலைப் பொருட்களை விற்க மின்னே, கிரீமா என்று இணையச் சந்தைகள் உண்டு. ஆனால் குடும்பத்தினர் என்ற விசாவில் இருப்பவர் சம்பாதிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் பொதுவாக வாரம் 28 மணி நேர வரம்பு. விதியைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் இறங்காதீர்கள். நான் இறங்கவே இல்லை. ஆர்டர் எடுத்தால் இந்த மிஷின் எனக்கு முதலாளியாகிவிடும்.

பிப்ரவரி 8-ஆம் தேதி வாய்த்தால் அசாகுசாவில் சென்சோஜி கோயிலுக்குப் போய்வாருங்கள். அவாஷிமா சன்னதியில் பெரிய தோஃபு வைத்திருப்பார்கள். வருடம் முழுவதும் உழைத்துத் தேய்ந்த, முறிந்த ஊசிகளைக் கொண்டுவந்து அதில் குத்திவிட்டுக் கும்பிடுகிறார்கள். கடினமானதையே குத்திய ஊசிக்குக் கடைசியில் மெத்தென்ற படுக்கை. நான் நெற்றியில் பட்ட ஊசியின் மிச்சத்தைக் குத்தினேன். பழக்க தோஷத்தில் கை பையில் குங்குமச் சிமிழைத் தேடியது.

மகள் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. இங்கே ஐந்தாம் வகுப்பில் ஆண் பெண் எல்லோருக்கும் மனையியல் பாடத்தில் தையல் உண்டு. பள்ளி மூலமாகத் தையல் பெட்டியும் வந்துவிட்டது. போன வாரம் என் ஜாக்கெட்டில் கொக்கி ஆடுகிறது என்று கையில் எடுத்தாள். நான் கடைசி முடிச்சுக்கு நூலை வளையம் விட்டு அதற்குள் இரண்டு முறை ஊசியை விடுவேன், அம்மா சொல்லிக்கொடுத்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, இப்படி இல்லை என்றாள். தையல் முடிந்த இடத்தில் ஊசியைக் கிடத்தி, நூலை அதன்மேல் மூன்று சுற்று சுற்றி, பெருவிரலால் அழுத்திப் பிடித்து ஊசியை உருவினாள். துணியோடு ஒட்டிக் கடுகளவு முடிச்சு. ஐந்து கொக்கிகளில் நான்கு நான் தைத்தவை. துவைத்து உலர்த்தி எடுத்தபோது ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். அவள் தைத்தது மட்டும் ஆடவில்லை.