பேஸை சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் பிக்கப்பைக் கழற்றிப் படம் எடுத்து வையுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை ஆம்புக்குப் போகும் மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள். நம்மை விரல்விட்டு எண்ணிவிடலாம். திருவிழாக் கச்சேரிக்கு வாசிப்பவர்கள் சிலர், சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள் சிலர், கல்லூரிப் பையன்கள் சிலர். எல்லாருக்கும் வேறு வேலை இருக்கிறது, வாசிப்பு ஆசைக்கு. கிட்டாரில் ஏதாவது கோளாறு என்றால் வெளியூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மதுரையானாலும் திருச்சியானாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். நம் பொருளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வழியில்லை. நான் ஏமாந்தது அப்படித்தான்.

கடையின் பெயரையோ ஊரையோ எழுதப் போவதில்லை. என்னிடம் ரசீது இல்லை. கையில் ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

என் பேஸ் ஜப்பானில் செய்த ஃபெண்டர் பிரெசிஷன். ஃபெண்டர் கம்பெனி 1982-ல் ஜப்பானில் தயாரிப்பைத் தொடங்கியது. என்னுடையது அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது. என் அம்மான் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி, அங்கே ஒரு தமிழ் ஆர்கெஸ்ட்ராவில் சனி ஞாயிறுகளில் வாசித்தது. 2009-ல் ஊருக்கு வந்தவர் கேஸோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2015-ல் மறுபடி வந்தபோது ஒரு செட் ஃப்ளாட்வவுண்ட் கம்பி வாங்கி வந்து, எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து அவரே மாட்டினார். அந்தக் கம்பிதான் போன வருடம் வரை அதில் இருந்தது. அம்மான் இப்போது இல்லை.

ஒன்பது வருடப் பழைய கம்பியா என்று சிலர் கேட்பீர்கள். ரவுண்ட்வவுண்ட் வாசிப்பவருக்கு அது ஆச்சரியமாகத்தான் இருக்கும். அந்தக் கம்பியின் மேல்சுற்று உருண்டைக் கம்பியால் ஆனது. விரலை ஓட்டினால் அரம் போல நரநரவென்று இருக்கும். புதிதாக இருக்கும்போது பியானோ மாதிரி கணீரென்று பேசும். வியர்வையும் அழுக்கும் அந்தப் பள்ளங்களில் இறங்கிவிட்டால் சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஃப்ளாட்வவுண்டின் மேல்சுற்று நாடா போலத் தட்டையானது. தடவினால் கண்ணாடி. தொடக்கத்தில் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும், வருடம் போகப் போகத்தான் கனியும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைக் கம்பெனியின் பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரெசிஷனில் தடித்த ஃப்ளாட்வவுண்டைத்தான் வைத்திருந்தார். கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம்.

எனக்கு வேண்டிய சத்தமும் அந்த வகைதான். எங்கள் குழு அதிகம் வாசிப்பது இளையராஜாவின் 80-களின் பாடல்கள். அவற்றில் பேஸ் வெறுமனே தாளத்தோடு போகாது, பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு பாடிக்கொண்டே போகும். சசிதரன் இளையராஜாவுக்கு பேஸ் வாசித்தவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் என் விரல் பழகியது. ஆள்காட்டி விரலும் நடு விரலும், பிக் (கம்பியைத் தட்டும் வில்லை) கிடையாது, பிரிட்ஜ் (கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. எங்கள் கீபோர்டு அண்ணனுக்கு இது பிடிக்காது. ரவுண்ட் போடு, மைதானத்தில் எடுபடும் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் கம்பியை அறைந்து, அடிப்பவருக்கு ஃப்ளாட் சரிவராது. ஆனால் எது எனக்கு வேண்டும் என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழை முடிந்தபோது ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் ஒரு சின்ன இரைச்சல் கேட்டது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், நெக் (கிட்டாரின் கழுத்து) கொஞ்சம் அசையும். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிற காரியம் என்று இப்போது தெரிகிறது. அன்று கை வைக்கப் பயந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொன்ன கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி நல்ல மாதிரிப் பேசினார். ஆம்பில் போட்டு இரண்டு நிமிடம் வாசித்தும் பார்த்தார். "பழைய ஜப்பான் பீஸாண்ணே இது? இப்பல்லாம் கிடைக்காதே" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. ஃபுல் செட்டப், அதாவது முழுமையாகச் சரிசெய்து தர 2,800 ரூபாய், நாலு நாளில் தருவதாகப் பேச்சு. முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. கம்பியை மாற்ற வேண்டாம் என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை.

நாலு நாள் பதினாறு நாளானது. போன் செய்தால் ஒரு நாள் ஃப்ரெட் தேய்க்கிறோம் என்பார், இன்னொரு நாள் மாஸ்டர் ஊரில் இல்லை என்பார். கடைசியில் போய் நின்றபோது கேஸை மூடியே கையில் கொடுத்தார். மாலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், திறந்து பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

இரவு வளவில் வைத்துத் திறந்தேன். நாலும் பளபளவென்று புது ரவுண்ட்வவுண்ட் கம்பி. கேஸ் பாக்கெட்டில் பழைய கம்பியைத் தேடினேன், இல்லை. ஆம்பில் போட்டு ஈ கம்பியைத் தட்டினேன். அந்த அறையில் ஈ கம்பி அடித்தால் ஆத்தங்குடிக் கல் தரை வழியாக உள்ளங்காலுக்கு வரும். பதினைந்து வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அன்று வரவில்லை. டப்பா தட்டுவது போல மெலிந்த சத்தம். கம்பி மாறியதால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வால்யூமே குறைந்திருந்தது, டோனைத் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரைச்சலும் போகவில்லை. முன்பு ஒரு இடத்தில் இருந்தது இப்போது முதல் ஏழு ஃப்ரெட்டிலும் இருந்தது.

மறுநாள் காலையில் போன் செய்தேன்.

"தம்பி, என் பழைய கம்பி எங்கே?"

"தூக்கிப் போட்டாச்சேண்ணே. கறுத்துப் போயி கிடந்துச்சு. அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஒரிஜினல் இம்போர்ட்டட் செட் போட்டு விட்டிருக்கோம், காசு கூட எக்ஸ்ட்ரா வாங்கலையே."

என் அம்மான் மாட்டிய கம்பி குப்பைக்குப் போய்விட்டது என்பதை அவர் எனக்குச் செய்த உதவியாகச் சொன்னார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, போனை வைத்துவிட்டேன்.

கம்பியோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். 2016-ல் வால்யூம் பாட் (ஒலி கூட்டும் திருகு) மாற்றியபோது, எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என் நண்பர் பிக்கப்பைக் கழற்றி ஒரு படம் எடுத்து, மீட்டரில் வந்த அதன் மின்தடை எண்ணையும் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார்: 10.4 கிலோ ஓம். பிரெசிஷன் பிக்கப்புக்குப் பத்து, பதினொன்றை ஒட்டித்தான் வரும். இப்போது அவரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தோம். 6.1. வெயிலுக்கும் குளிருக்கும் இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும். நாலு கிலோ ஓம் இறங்காது.

ஸ்க்ரூவைக் கழற்றித் திருப்பினோம். பிரெசிஷன் பிக்கப் இரண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொன்றிலும் நாலு உருளை. பழைய படத்தில் அடிப்பக்கத்தில் அந்த உருளைக் காந்தங்களின் முனைகள்தான் தெரிந்தன, எட்டும் தனித்தனியாக. இப்போது எங்கள் கையில் இருந்ததன் அடியில் ஒவ்வொரு துண்டிலும் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டைக் காந்தம் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. விலை மலிவான செராமிக் பிக்கப். ஈயம் வைத்த இடம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. மேல்மூடி மட்டும் என்னுடைய பழைய மூடி, என் கட்டைவிரல் வைத்து வைத்துத் தேய்ந்த அடையாளத்தோடு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியக்கூடாது என்று யோசித்தே செய்திருக்கிறார்கள். செராமிக் பிக்கப் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. இது நான் கொடுத்த பிக்கப் இல்லை.

கம்பியையும் பார்த்துவிடுவோம் என்று ஒன்றைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கேஸில் கிடந்த பாக்கெட்டில் பெயர் பெற்ற ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர் இருந்தது. அளவு 45-லிருந்து 105 வரை என்று அச்சடித்திருந்தது. இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 105 என்றால் ஈ கம்பி 2.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் வந்தது 2.4. கம்பெனிக் கம்பி இவ்வளவு தவறாது. மூன்றே வாரத்தில் துரு வேறு. ட்யூன் செய்தாலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒரு சுருதியும் அழுத்தி வாசித்தால் வேறு சுருதியும் வந்தது. சுற்று சீராக இல்லாத கம்பியில் பிரிட்ஜை எவ்வளவு நகர்த்தினாலும் அது சேராது. போதாக்குறைக்கு ஈ கம்பியை வளைக்காமலே நேராக வெட்டி, சுருதி கூட்டும் கீயில் ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தார்கள். முதலில் வளைத்துவிட்டு, வளைவுக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்கம்பியின் மேல் மேல்சுற்று நழுவிக் கம்பி செத்துவிடும்.

இரைச்சல் ஏன் கூடியது என்பதும் அப்போது புரிந்தது. தடித்த ஃப்ளாட்வவுண்ட் நெக்கை நல்ல இழுவையில் வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு மெல்லிய கம்பியைப் போட்டால் இழுவை குறைந்து, நெக் பின்பக்கம் சாயும். ட்ரஸ் ராடைத் தளர்த்தியிருக்க வேண்டும். யாரும் தொட்ட அடையாளமே இல்லை. 2,800 ரூபாய்க்கு அந்த ஒரு வேலையைக்கூடச் செய்யவில்லை.

நண்பரோடு கடைக்கு நேரில் போனேன். பழைய படத்தைக் காட்டினேன். "இது உங்க கிட்டார் படம்தான்னு எப்படிண்ணே சொல்றது?" என்றார் கடைத் தம்பி. அந்தப் படத்தில் பிக்கப் மட்டும்தான் இருந்தது, நெக்கோ சீரியல் எண்ணோ அதில் விழவில்லை. மாஸ்டரைக் கேட்கச் சொன்னால் மாஸ்டர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கடைசியில் ஆயிரம் ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நம்மில் பலருக்கு அது சிவகங்கை. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதைக் கொடுத்தேன் என்பதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஜிபேயில் தொகையும் தேதியும் மட்டும்தான் இருக்கின்றன. அதை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த முறை யார் கடைக்குக் கொடுத்தாலும், எவ்வளவு பழக்கம் என்றாலும், பிக்கப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். சீரியல் எண்ணும் பிக்கப்பும் ஒரே படத்தில் விழட்டும். நான் தவறவிட்டது அதைத்தான். பிக்கப்பைக் கழற்றப் பயமாக இருந்தால் கழற்றாமலே அளக்க வழி இருக்கிறது. கேபிளின் ஒரு முனையை பேஸில் செருகுங்கள், வால்யூமை முழுக்க வையுங்கள், மறுமுனை பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்துப் பாருங்கள். வந்த எண்ணைக் கடைக்காரர் கண் முன்னாலேயே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திருப்பி வாங்கும்போதும் அவர் முன்னாலேயே அளந்து பாருங்கள். நல்ல ரிப்பேர்க்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கம்பியை மாற்றக் கூடாது என்றால் அதையும் ரசீதில் எழுதுங்கள். கழற்ற வேண்டி வந்தால் சுருட்டி அப்படியே தர வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஃப்ளாட் கம்பியைக் கவனமாகக் கழற்றினால் மறுபடி மாட்டலாம். பஸ் போனால் போகிறது, கேஸைத் திறந்து வாசித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

மாசி பங்குனித் திருவிழாவுக்கு மீனாட்சிபுரத்தில் எங்களுக்குக் கச்சேரி இருந்தது. அதற்குள் புதிதாக ஒரு ஃப்ளாட்வவுண்ட் செட் வாங்கினேன், நாலாயிரத்துச் சொச்சம். ட்ரஸ் ராடை நண்பரும் நானும் சேர்ந்து எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தோம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இரைச்சல் நின்றுவிட்டது. பிக்கப்புக்கு இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த செராமிக்கிலேயே வாசித்தேன். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது.

1980-களின் ஜப்பான் பிரெசிஷன் பிக்கப், உருளைக் காந்தம் வைத்தது, மூடி இல்லாமலோ புது மூடியோடோ யாராவது உங்களிடம் விற்க வந்தால் தயவுசெய்து தகவல் சொல்லுங்கள். என் நண்பரிடம் பழைய படம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். காரைக்குடிப் பக்கம் யாராவது பேஸைக் கடைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து அளந்து எழுதி வைப்போம். மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன்.