38,500 ரூபாய் போச்சு: வெளிநாட்டில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் படிக்கவும்

என்னை ஏமாற்றிய வரி ஆபீஸுக்கு நேற்று சாயங்காலம் மறுபடியும் போனேன். மாடி ஏறினால் பூட்டு. போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நாலு ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டால், "பொங்கல் கழிச்சு வருவாங்கன்னு சொன்னாங்கம்மா" என்கிறார். எந்தப் பொங்கல் என்று அவருக்கும் தெரியவில்லை.

வேலூரில், காட்பாடிப் பக்கம் இருந்த ஒரு வரி கன்சல்டன்சி. ஆடிட்டர் ஆபீஸ் மாதிரியே கண்ணாடிக் கதவு, ஃபைல் அடுக்கிய ரேக், டோக்கன் கொடுக்க ஒரு பெண். பெயரைப் போடவில்லை. புகார் நடக்கிறது.

நான் ராணிப்பேட்டை. ஷூ கம்பெனியில் தரக்கட்டுப்பாடு வேலை. 2024 மே மாதத்திலிருந்து செப்டம்பர் முடிய ஐந்து மாதம் ஜெர்மனியில் பிர்மாசென்ஸ் ஊருக்கு அனுப்பினார்கள். நம்ம ஆம்பூர் மாதிரி அதுவும் ஷூவுக்குப் பேர்போன ஊர். அந்த ஐந்து மாதச் சம்பளத்தை அங்கத்திய கம்பெனியே அங்குள்ள பேங்கில் போட்டது, வரியையும் அங்கேயே பிடித்தது. பிடித்த வரி மட்டும் ஏறக்குறைய 2,150 யூரோ. இங்கே வந்த பிறகு இதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் முழித்தேன். கம்பெனி எச்.ஆரும் கையை விரித்துவிட்டார்.

2025 ஜூனில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போனேன். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஜெர்மன் சம்பள வரிச் சான்றிதழை அந்த ஆள் வாங்கி மேஜையில் விரித்தார். பேனா முனையால் 3-ஆம் நம்பரைத் தொட்டு, "இது உங்க மொத்தச் சம்பளம்" என்றார். 4-ஆம் நம்பரைத் தொட்டு, "இது புடிச்ச வரி" என்றார். சரியாகத்தான் சொன்னார். சம்பள வரிக்கான ஜெர்மன் வார்த்தையை, 'லோன்ஸ்டொயர்' என்று திக்காமல் படித்தும் காட்டினார். அதற்கு முன்னால் ராணிப்பேட்டையில் ரெண்டு பேர் அதே பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. அப்பாவுக்கு டீ வரவழைத்து, "ஐயா, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் நின்றவர். கோட்டு போட்ட ஒருத்தர் ஐயா என்று கூப்பிட்டதில் அவர் முகமே மாறிவிட்டது.

இங்கே வருமான வரி ரிட்டர்ன் போட 8,500. ஜெர்மனியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தர 30,000. முதல் 15,000 நான் ஜிபேயில் போட்டேன். அடுத்த 15,000 அப்பா சீட்டு எடுத்த பணம், ரொக்கமாகக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, "மொத்தமா ஒரே பில்லாப் போட்டுத் தரேம்மா" என்றார்கள். ஆக 38,500. கூடவே என் வரி போர்ட்டல் பாஸ்வேர்டையும், வந்த ஓடிபியையும் சொன்னேன்.

"அங்க வரி கட்டிட்டீங்க இல்ல, இங்க காட்டவே தேவையில்ல" என்று அவர் சொன்னார். இது பச்சைப் பொய். அந்த நிதியாண்டில் நான் இந்தியாவில் இருந்தது 200 நாளுக்கு மேல். 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தாலே நாம் இங்கத்திய குடியிருப்பாளர்தான், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்டியே ஆக வேண்டும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளத்தான் ஜெர்மனியோடு ஒப்பந்தம் இருக்கிறது, என் வருஷத்துக்கு அதற்கான படிவம் 67. இது எனக்குத் தெரிந்தது டிசம்பரில்.

அவர் என்ன செய்தார்? உள்ளூர்ச் சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்-1 போட்டு, இங்கத்திய ஏழு மாதச் சம்பளத்தை மட்டும் காட்டினார். வருமானம் குறைவு என்பதால் வரி பூஜ்யம், பிடித்திருந்த 11,200 ஆகஸ்டில் என் கணக்குக்கு வந்தது. அந்த ரீஃபண்டைப் பார்த்துவிட்டு ஆற்காடு மக்கன் பேடா அரை கிலோ வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

செப்டம்பரிலிருந்து ஜெர்மன் பணத்தைக் கேட்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் 1,20,000 வரும் என்று சொல்லியிருந்தார்.

"வந்துகினே இருக்குதும்மா, ஏன் டென்ஷன் ஆவுறீங்க?"

"சார் சென்னை போயிருக்காரு."

"ஜெர்மன்ல இப்ப லீவு சீசன் மேடம்."

"அப்ளை பண்ணதுக்கு ப்ரூஃப் அனுப்பறேன்" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் என் பெயர் பாதி வெட்டுப்பட்டிருந்தது, வரி எண் இல்லவே இல்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஒன்பது தடவை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். ஒரு தடவை டோக்கன் கொடுத்து ரெண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, "சார் பின்பக்கமாக் கிளம்பிட்டாரு" என்றாள் அந்தப் பெண். கடைசியில் ஜெர்மனியில் அந்த ஊர் வரி அலுவலகத்துக்கு நானே மெயில் போட்டேன். என் எண்ணில் எந்த விண்ணப்பமும் வரவில்லை என்று பதில் வந்தது. 30,000 ரூபாய்க்கு அவர் ஒரு பேப்பர்கூட நகர்த்தவில்லை.

டிசம்பர் நடுவில் வருமான வரித்துறை எஸ்எம்எஸ்: உங்கள் பெயரில் வெளிநாட்டுக் கணக்கு இருக்கிறது, ரிட்டர்னில் காட்டவில்லை, டிசம்பர் 31-க்குள் திருத்துங்கள். நாடுகள் ஒன்றுக்கொன்று பேங்க் விவரத்தைக் கொடுத்துக்கொள்கின்றன, மறைக்கவே முடியாது. போர்ட்டலில் நுழைந்து பார்த்தால் மெயில் முகவரி என்னுடையது இல்லை. அவர் தன்னுடையதை மாற்றி வைத்திருக்கிறார். எனக்கு வர வேண்டிய மெயில் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. போன் நம்பரை மாற்றாமல் விட்டதால்தான் நான் தப்பினேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாவிட்டால் 10 லட்சம் அபராதம் என்று படித்ததும் சோறு இறங்கவில்லை. நிலம், வீடு தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் கிடையாது என்று மறுநாள்தான் தெரிந்தது. என் கணக்கில் இருந்தது சில நூறு யூரோ.

தோழி சொல்லி வாலாஜாவில் ஒரு உண்மையான சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அம்மாவிடம் போனேன். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அதற்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஸ்டேட் பாங்க் வைத்திருந்த யூரோ வாங்கும் விலையைப் போட்டு, என் கண்ணெதிரே கணக்குப் பண்ணினார். படிவம் 67, வெளிநாட்டு வருமானத்தையும் காட்டக்கூடிய ஐ.டி.ஆர்-2, வெளிநாட்டுக் கணக்கு அட்டவணை எல்லாம் சேர்த்து டிசம்பர் 27 அன்று திருத்திய ரிட்டர்ன் போனது. வட்டியோடு ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே கட்டினேன். வரி நான் கட்ட வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வட்டியும் அந்த 38,500-ம் அவரால் போனது.

இனி போகிறவர்களுக்கு, அவசரமாகச் சொல்கிறேன். பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றி, மெயில் முகவரி யாருடையது என்று பாருங்கள். சி.ஏ. என்றால் உறுப்பினர் எண் கேளுங்கள். வெளிநாட்டுச் சம்பளமோ கணக்கோ இருந்தால் ஐ.டி.ஆர்-1 போடவே கூடாது. ரசீது இல்லாமல் ரொக்கம் வேண்டாம். ஜெர்மனியில் வரியைத் திரும்பக் கேட்க நாலு வருஷம் டைம் இருக்கிறது, அவர்கள் அரசாங்க இணையதளத்தில் காசு இல்லாமல் நாமே போடலாம். 2024-க்கு 2028 டிசம்பர் வரை. அங்கே திரும்ப வந்தால் இங்கே கழித்ததையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்று சி.ஏ. அம்மா சொன்னார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். திங்கள்கிழமை குறைதீர்வு நாளுக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன், அப்பாவும் வருகிறார். அந்த 15,000-ஐப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. காட்பாடிப் பக்கம் அந்த மாடியில் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு வாருங்கள்.