ஓபன்5ஜிஎஸ்: கல்லூரி லேபில் ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

மொபைல் கோர், அதாவது பேஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் சிம்மைச் சரிபார்த்து போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் மையப் பகுதி, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் லேபில் ஓபன்5ஜிஎஸ் என்ற மென்பொருளை ஒன்றரை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 4ஜி, 5ஜி இரண்டுக்கும் ஒரே தொகுப்பு. காசு கேட்பதில்லை, சோர்ஸ் முழுவதும் திறந்து கிடக்கிறது. உரிமம் ஏஜிபிஎல் 3, அதனால் சோர்ஸை மாற்றி அதை வைத்துச் சேவை நடத்தினால் மாற்றிய சோர்ஸையும் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு அது ஒரு தடையே இல்லை. யார் கேட்டாலும் தைரியமாக இறங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சிம்மை நெட்வொர்க்கில் சேர்க்கும் வரை இது கூடவே வரும், அந்த சிம்முக்கு நெட் வரவைக்கும் இடத்தில் உங்களைத் தனியாக விட்டுவிடும். இது தெரிந்து ஆரம்பித்தால் ஒரு வாரம் மிச்சம்.

நிறுவுவது உபுண்டுவில் எளிது. ஒரே ஒரு எச்சரிக்கை, சந்தாதாரர் விவரமெல்லாம் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸில் இருக்கும், அதன் 5-ஆம் பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசசரில் அது ஓடாது. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கான்ஃபிக். எம்எம்ஈ (4ஜியில் போனைப் பதிவு செய்வது), எச்எஸ்எஸ் (4ஜி சந்தாதாரர் விவரம்), ஏஎம்எஃப் (5ஜியில் போனைப் பதிவு செய்வது), எஸ்எம்எஃப் (டேட்டா இணைப்பை அமைப்பது), யுபிஎஃப் (டேட்டாவைக் கடத்துவது) என்று ஒவ்வொன்றும் தனி புராசஸ், ஒவ்வொன்றுக்கும் அமைப்புகளை எழுதும் தனி யாமல் ஃபைல், எல்லாம் 127.0.0 என்று தொடங்கும் முகவரிகளில் ஒரே மெஷினுக்குள் பேசிக்கொள்ளும். ஆரம்பத்தில் மாற்ற வேண்டிய முகவரிகள் இரண்டுதான், பேஸ் ஸ்டேஷன் வந்து தொடும் இரண்டு. 5ஜி என்றால் ஏஎம்எஃப்பும் யுபிஎஃப்பும், 4ஜி என்றால் எம்எம்ஈயும், டேட்டா வந்து சேரும் எஸ்ஜிடபிள்யூ-யுவும். நான் ஏஎம்எஃப்பை மட்டும் மாற்றிவிட்டு யுபிஎஃப்பை 127.0.0.7-லேயே விட்டிருந்தேன். போன் பதிவாகிவிட்டது, ஐபி வந்துவிட்டது, லாக்கில் ஒரு பிழையும் இல்லை. டேட்டா மட்டும் போகவில்லை. பேஸ் ஸ்டேஷன் "சரி, 127.0.0.7-க்கு அனுப்பு என்கிறார்கள்" என்று பாக்கெட்டையெல்லாம் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டிருந்தது, ஏனென்றால் 127 என்று தொடங்கும் முகவரி எந்த மெஷினிலும் அந்த மெஷினையே குறிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

சிம் சரிபார்ப்புப் பகுதி அப்படி இல்லை, அங்கே லாக் உண்மையைச் சொல்லும். வெப் பக்கத்தில் ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்), கே (சிம்மின் ரகசியச் சாவி), ஓபிசி (எல்லா சிம்முக்கும் ஒன்றான ஓபி என்ற ஆபரேட்டர் எண்ணையும் கே-யையும் வைத்து ஒவ்வொரு சிம்முக்கும் கணக்கிட்டது) மூன்றையும் போட்டால் போதும். நாங்கள் வாங்கிய சிம்களுடன் விற்றவர் ஒரு தாள் கொடுத்தார், அதில் 'ஓபி' என்று எழுதியிருந்தது, நானும் வெப் பக்கத்தில் ஓபி என்றே தேர்ந்தெடுத்தேன். பத்து சிம்மும் 'மேக் ஃபெயிலியர்', அதாவது சரிபார்ப்புச் சான்று பொருந்தவில்லை. இதைப் பார்த்ததும் நெட்வொர்க்தான் சிம்மை மறுக்கிறது என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் முதலில் மறுப்பது சிம். நெட்வொர்க் அனுப்பும் ஆட்டன் என்ற சான்றைத் தன்னிடம் உள்ள சாவியால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீ என் நெட்வொர்க் இல்லை" என்று சொல்வது அதுதான். அப்படியானால் இரண்டு பக்கச் சாவியும் வேறு வேறு. தாளில் இருந்தது கார்டுக்குக் கார்டு மாறும் எண், அது ஓபிசியாகத்தான் இருக்க முடியும். அந்த ஒரு தேர்வை மாற்றியதும் பத்தும் சேர்ந்துவிட்டன.

இன்னொரு தடவை டேட்டாபேஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியபோது 'சிங்க் ஃபெயிலியர்' வந்தது. சிம்முக்குள் ஒரு வரிசை எண் ஏறிக்கொண்டே இருக்கும், நாம் அதைப் பழையபடி சின்ன எண்ணில் தொடங்கினால் சிம் ஒப்புக்கொள்ளாது, தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். கோர் அதை வாங்கித் திருத்திக்கொண்டு இரண்டாவது முயற்சியில் உள்ளே விட்டது, நான் எதையும் தொடவில்லை. இதை லாக்கில் வரிவரியாக மாணவர்களுக்குக் காட்டிய வகுப்பு எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு.

ரூட்டிங்குக்கு வருவோம். யுபிஎஃப் பாக்கெட்டைப் பிரித்து ஓஜிஎஸ்டன் என்ற டன் இன்டர்ஃபேஸில் (மென்பொருளால் ஆன நெட்வொர்க் கார்டு) போடும், போன்களுக்கு 10.45.0.0/16-இல் இருந்து ஐபி கிடைக்கும். அதோடு அதன் பொறுப்பு முடிந்தது, மிச்சம் லினக்ஸ் கையில். ஒரு இன்டர்ஃபேஸில் வந்த பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை நீங்கள் போட வேண்டும், லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில், போனின் ஐபியை மெஷினின் ஐபியாக மாற்றி வெளியே விடும் மாஸ்கரேட் விதியை நீங்கள் எழுத வேண்டும், ரீபூட் ஆனால் போய்விடாமல் சேமித்தும் வைக்க வேண்டும். ஆவணத்தில் இது இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று கட்டளையோடு கடந்துவிடுகிறார்கள். எங்கள் மெஷினில் இதெல்லாம் சரியாக இருந்தும் நெட் வரவில்லை. பாக்கெட்டுகளைப் பார்க்க டிசிபிடம்ப் போட்டால் ஓஜிஎஸ்டன்னில் பாக்கெட் வருகிறது, வெளி இன்டர்ஃபேஸில் ஒன்றுகூட இல்லை. வேறு வேலைக்காக அதே மெஷினில் டாக்கர் என்ற கண்டெய்னர் மென்பொருளைப் போட்டிருந்தோம், டாக்கர் ஃபார்வர்ட் செயினின் (மெஷின் வழியாகக் கடந்து போகும் பாக்கெட்டுக்கான ஃபயர்வால் விதிகள்) இயல்பு நிலையை டிராப், அதாவது தடு என்று மாற்றிவிடும். ஓஜிஎஸ்டன்னுக்கு இரண்டு பக்கமும் அனுமதி எழுதியதும் அடுத்த நொடியே பக்கம் திறந்தது. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு பற்றி மட்டும் நான் கவலைப்படவே தேவை இருக்கவில்லை, எஸ்எம்எஃப்பில் 1400 என்று முன்பே வைத்திருக்கிறார்கள், பேஸ் ஸ்டேஷனுக்கும் கோருக்கும் நடுவே பாக்கெட்டோடு சேரும் ஜிடிபி தலைப்புக்கு இடம் தாராளம்.

இரண்டு ஏபிஎன் (போன் எந்த நெட்வொர்க்கோடு சேர வேண்டும் என்று சொல்லும் பெயர்) வைத்ததுதான் இதில் நான் ரசித்துச் செய்த வேலை. ஒன்று இன்டர்நெட்டுக்கு, இன்னொன்று லேப் சர்வருக்கு மட்டும். இரண்டாவதற்கு ஒரு டன் உருவாக்கி 10.46.0.0/16 கொடுத்தேன், எஸ்எம்எஃப், யுபிஎஃப் இரண்டு ஃபைலிலும் அதே பெயரில் சேர்த்தேன், சந்தாதாரர் பக்கத்திலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இதற்கு மாஸ்கரேட் போடவில்லை. லேப் ரூட்டரில் 10.46-க்கு இந்த மெஷின் வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதிவிட்டேன், அதனால் சர்வர் லாக்கில் ஒவ்வொரு போனும் தன் சொந்த ஐபியிலேயே தெரிகிறது. சந்தாதாரர் பக்கத்தில் நிரந்தர ஐபியும் கொடுக்கலாம், எந்த மாணவர் எந்த போன் என்று உடனே தெரியும்.

குறை என்றால், வெப் பக்கத்தில் கே, ஓபிசி எல்லாம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. அட்மின், 1423 என்று வரும் முதல் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள், அந்தப் பக்கத்தை வெளி நெட்வொர்க்குக்குத் திறக்கவே திறக்காதீர்கள். 2.7 பதிப்பில் கான்ஃபிக் அமைப்பே மாறிவிட்டது, அதற்கு முந்தைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து ஃபைலை நகலெடுத்தால் புராசஸ் எழுந்திருக்காது.

உரிமம் இல்லாமல் மொபைல் அலைவரிசையில் சிக்னல் விடக் கூடாது, நாங்கள் மூடிய உலோகப் பெட்டிக்குள்தான் போனை வைக்கிறோம். பெட்டியோ பேஸ் ஸ்டேஷனோ இல்லாதவர்கள் போனையும் பேஸ் ஸ்டேஷனையும் போலச் செய்யும் யுஈரான்சிம் என்ற மென்பொருளைப் போட்டு மெய்நிகர் போனிலேயே 5ஜி பக்கத்தைச் செய்து பார்க்கலாம். அந்த மெய்நிகர் போனுக்கு ஐபி வந்ததும் அதிலிருந்து 10.45.0.1-க்கு பிங் போடுங்கள். பதில் வந்தால் கோர் வரை சரி. அதற்கு வெளியே பதில் இல்லையென்றால் யாமல் ஃபைல்களைத் தொடாதீர்கள், ஃபார்வர்ட் செயினில் இருந்து தேடுங்கள்.