மூலக்கல மார்க்கர் பரிசோதனை: காசு கட்டுமுன், கட்டியை அனுப்புமுன்

பெருங்குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று ஸ்கான் சொன்ன பிறகு, "இனி எப்படிப் போகும்?" என்ற கேள்விதான் வீட்டில் எல்லோர் மனதிலும் நிற்கும். அதற்குப் பதில் தருவதாகச் சொல்லி, தனியார் லாப் வழியாகச் செய்விக்கும் ஒன்றுதான் மூலக்கல மார்க்கர் பனல். சீடி133, சீடி44, எல்ஜிஆர்5, ஏஎல்டிஎச்1 ஆகிய நான்கு அடையாளப் புரதங்களையும் (மார்க்கர்) பயொப்சித் துண்டில் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இதன் பின்னாலுள்ள ஆய்வு உண்மையானது. ஆனால் இந்த ரிப்போட்டைப் பார்த்து எந்த டொக்டரும் மருந்தை மாற்றப்போவதில்லை. நகையை அடகு வைத்துச் செய்யவேண்டிய பரிசோதனை இதுவல்ல.

வயலில் கோரையைச் செதுக்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து திரும்ப முளைக்கும். கட்டிக்குள்ளும் அப்படிச் சில கலங்கள் உண்டு, மருந்து ஏற்றிச் சுருங்கிய கட்டியை அவைதான் மறுபடி வளர்க்கின்றன என்பதே மூலக்கலக் கருத்து. 2007இல் வெளிவந்த ஆய்வுகள் சீடி133 உள்ள கலங்களையே அந்தக் கிழங்காகக் காட்டின. அடுத்த வருடமே, சீடி133 இல்லாத கலங்களும் எலியில் கட்டியை உண்டாக்குவது தெரியவந்தது. 2017இல் எலிகளில் எல்ஜிஆர்5 கலங்களை அழித்தபோது, குடலிலிருந்த கட்டி தாக்குப்பிடித்தது. ஈரலில் பரவல்தான் தடைப்பட்டது. 2020இல் இன்னொரு திருப்பம்: பரவலை விதைப்பவை பெரும்பாலும் எல்ஜிஆர்5 இல்லாத கலங்கள், போய் இறங்கிய இடத்தில்தான் அவை எல்ஜிஆர்5ஐ எடுக்கின்றன. இந்தக் கோரையில் இலையும் கிழங்காக மாறும். ஒரு நாள் எடுத்த ஒரு துண்டை வைத்து வருங்காலம் சொல்வது அதனால்தான் கடினம்.

ரிப்போட்டில் 'சீடி133: பொசிட்டிவ்' என்று மட்டும் இருந்தால் அதில் பாதித் தகவல் இல்லை. எந்த அன்டிபொடி (புரதத்தில் ஒட்டிச் சாயத்தைக் காட்டும் பொருள்), நூற்றுக்கு எத்தனை கலம், எந்த எல்லைக்கு மேல் 'கூட' என்று எடுத்தார்கள் என்பதும் இருக்கவேண்டும். ஒரு ஆய்வு 5 வீதத்தை எல்லையாக வைக்கும், இன்னொன்று 50 வீதத்தை. ஏசி133 என்ற அன்டிபொடி புரதத்தின் சர்க்கரைப் பகுதி இருக்கும் நிலையைப் பொறுத்தே ஒட்டும், அதனால் புரதம் இருந்தும் சாயம் ஏறாமல் போகலாம். சீடி44 சாயம் இரத்தத்தின் வெள்ளைக் கலங்களிலும் ஏறும். அழற்சி உள்ள ஈரல் துண்டில் அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் விடை பிழைத்துவிடும். எல்ஜிஆர்5க்கு நம்பகமான அன்டிபொடி கிடைப்பது அரிது, ஆர்என்ஏ முறையில் பார்த்திருந்தால் மட்டும் அதற்குப் பெறுமதி கொடுங்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய நட்டம் கட்டியில்தான். ஈரலில் ஊசியால் எடுத்த துண்டு நூல்போல இருக்கும். அதை மெழுகில் பதித்துச் செய்த பிளொக்கிலிருந்து ஒவ்வொரு மார்க்கருக்கும் 4 மைக்ரோன் தடிப்பில் சீவல் சீவலாக எடுப்பார்கள். மெசினில் பிளொக்கை ஏற்றும் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சமப்படுத்தக் கொஞ்சம் வீணாகும். பனலை முதலில் செய்வித்தால், மருந்தைத் தீர்மானிக்கும் பரிசோதனைக்குத் துண்டு மிஞ்சாமல் போகலாம். எனவே முதலில் கேராஸ், என்ராஸ் என்ற இரண்டு மரபணுக்கள். பரவிய நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இவற்றில் மாற்றம் இருக்கும், அவர்களுக்குச் செட்டுக்சிமாப் என்ற மருந்து பயன் தராது. அடுத்து பீராஃப் மரபணுவில் வி600ஈ என்ற மாற்றம். பிறகு டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, பீஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு புரதங்கள். இவற்றில் குறை தெரிபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், ஆனால் அவர்களுக்கு பெம்பிரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து நன்றாக வேலை செய்கிறது. கட்டி வலப்பக்கமா இடப்பக்கமா, ஈரலில் எத்தனை, வெட்டி எடுக்க முடியுமா என்பவை கையிலுள்ள ரிப்போட்டுகளிலேயே இருக்கின்றன. நோயின் போக்கை சீடி133ஐவிட அவை தெளிவாகச் சொல்லும்.

வன்னியிலிருந்து அனுப்பும்போது இரண்டு இடங்களில் பிழைக்கிறது. துண்டு 10 வீத நடுநிலை போர்மலினில், தன் அளவைப்போல் பத்து மடங்கு திரவத்தில், 6 முதல் 72 மணித்தியாலம்வரை இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்தது நீண்ட லீவில் போத்தலுக்குள்ளேயே கிடந்தால் டிஎன்ஏ துண்டுதுண்டாகும். மற்றது வெயில். மெழுகு 56 பாகை அளவில் உருகும், அதற்கு முன்னரே இளகத் தொடங்கிவிடும். ஏ9 வீதியில் மத்தியானம் நிற்கும் வானின் முன்தட்டில் பிளொக்கை வைக்கவேண்டாம். பஞ்சு சுற்றிச் சிறு பெட்டியில் போட்டு, கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.

தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக் இருந்தால், பணம் கட்டுமுன் அங்குள்ள டொக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இதில் என்ன விடை வந்தால் மருந்தை மாற்றுவீங்கள்?" ஆய்வுக்காக யாராவது இலவசமாகச் செய்து தருகிறார்கள் என்றால், மேலே சொன்ன பரிசோதனைகள் முடிந்தபின் மிச்சத் துண்டைக் கொடுக்கலாம். பிளொக்கைத் திருப்பி வாங்க மறக்கவேண்டாம். அதன் பிளாஸ்ரிக் சட்டத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.